நடுக்கடலில் அடிப்பலகைக் கசிவு: சுஹைலி படகு, 1968

பாய்ப்படகு ரிப்பேர் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது சுஹைலியின் கசிவைப் பற்றித்தான். துறைமுகம் இல்லை, படகைத் தூக்கி நிறுத்தக் கிரேன் இல்லை, கைக்கு உதவி ஒருவர்கூட இல்லை. தண்ணீர் மட்டத்துக்கு 5 அடி கீழே, படகின் அடியில் முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் ஏராவை ஒட்டிய பலகை இடுக்கு 8 அடி நீளத்துக்குத் திறந்து கிடக்கிறது, அதுவும் இரண்டு பக்கமும். அதை ஒரே ஆள் அடைத்துவிட்டு உலகைச் சுற்றி வந்தார். சாகசக் கதையாக இதை நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேண்டியது வேறு: கோளாறை எப்படிக் கண்டுபிடித்தார், எதைப் பார்த்துவிட்டுத் தொடரலாம் என்று முடிவெடுத்தார், அந்த வேலை ஏன் நின்றது.

படகு எது, யார் கட்டியது

சுஹைலி நம் ஊர் படகு என்று தாராளமாகச் சொல்லலாம். பிரிட்டிஷ் வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1960-களில் பம்பாயில் கட்டிய தேக்குப் படகு அது. 1964 டிசம்பரில் கடலில் இறக்கினார்கள். வரைபடம் வில்லியம் அட்கின் என்ற அமெரிக்கர் 1920-களில் போட்டது, அதற்கு மூலம் காலின் ஆர்ச்சரின் நார்வே மீட்புப் படகுகள். தளத்தின் நீளம் சுமார் 32 அடி, இரண்டு பாய்மரம், அடியில் நீளமான ஏரா, இரண்டு முனையும் கூரான உடல். பம்பாய்த் தச்சர்கள் வாச்சியால் செதுக்கி, வில் கட்டி இழுக்கும் தமரால் துளை போட்டுத்தான் இதைக் கட்டினார்கள். வேகத்துக்கான படகு இல்லை. தட்டையான கடலில் இதைவிட இலேசான எந்தப் படகும் இதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் தேக்கு, கனமான கட்டுமானம், எளிய அமைப்பு, அதனால் கையில் இருக்கும் சாமான்களை வைத்தே சரிசெய்ய முடிகிற படகு. இந்தக் கடைசி விஷயம்தான் பின்னால் உயிரைக் காப்பாற்றியது.

1968-ல் லண்டன் செய்தித்தாள் ஒன்று எங்கும் நிற்காமல் தனி ஆளாக உலகைச் சுற்றும் போட்டியை அறிவித்தது. ஒன்பது பேர் கிளம்பினார்கள். நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து கிளம்பி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று அதே ஊருக்குத் திரும்பினார். முழுச் சுற்றையும் முடித்தவர் அவர் ஒருவர்தான்.

கோளாறு

கிளம்பிய சில வாரத்திலேயே படகின் அடியில் தண்ணீர் சேர ஆரம்பித்தது. மரப்படகில் கொஞ்சம் தண்ணீர் கசிவது சகஜம், தினமும் ஒரு தடவை பம்பு அடித்தால் போதும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் இறைக்க வேண்டிய அளவு கூடிக்கொண்டே போனால் அது வேறு சமாச்சாரம். முன்னால் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடல் இருக்கிறது, அங்கே அலை இதைப் போலப் பல மடங்கு. அட்லாண்டிக்கில் கேப் வெர்டே தீவுகளுக்குத் தெற்கே காற்று விழுந்த ஒரு நாளில் முகமூடியும் ஸ்நார்கலும் மாட்டிக்கொண்டு அவர் கீழே இறங்கிப் பார்த்தார்.

ஏராவை ஒட்டி வரும் முதல் பலகைக்கும் ஏராவுக்கும் இடையிலான இடுக்கு, பெரிய பாய்மரத்துக்கு நேர் கீழே, சுமார் 8 அடி திறந்திருந்தது. மறுபக்கம் போய்ப் பார்த்தால் அங்கேயும் அப்படியே. படகு மெல்ல ஆட ஆட அந்த இடுக்கு திறந்து மூடுவதையும் அவர் கண்ணால் பார்த்தார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நோய் என்ன என்பது முழுக்க இந்தக் காட்சியில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கசிந்தால் எதிலோ மோதியிருக்கலாம், புழு அரித்திருக்கலாம், அந்த ஒரு பலகை மட்டும் மோசமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் திறந்தால் காரணம் பாரம். பாய்மரம் நிற்கிற இடத்தில் அது ஏராவைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிக்கயிறுகள் படகின் பக்கங்களை மேல்நோக்கி இழுக்கின்றன. ஏராவுக்குக் கீழே இரும்பின் எடை வேறு. காற்றில் படகு சாயும்போதெல்லாம் இந்த இழுபறி முழுவதும் வந்து விழுவது ஏராவும் முதல் பலகையும் சேரும் அந்த இடுக்கில்தான். ஒரு வருடத்துக்கான சாப்பாடு, தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய படகு என்பதால் சுமையும் வழக்கத்தைவிட அதிகம்.

பலகை இடுக்கை அடைக்கும் முறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பலகை சேரும் இடத்தில் வெளிப்பக்கம் ஆங்கில வி எழுத்து மாதிரி ஒரு சிறு பள்ளம் விட்டிருப்பார்கள். அதில் பஞ்சுத் திரியை வைத்து, மழுங்கிய உளி மாதிரி ஒரு இரும்பால் கொட்டாப்புளி கொண்டு அடித்து இறுக்கி, மேலே மக்கு என்ற அடைப்புப் பசையைப் பூசுவார்கள். இதற்குக் கலப்பத்து என்று பெயர், தூத்துக்குடித் தோணி கட்டும் ஓடாவிகளுக்கும் பழக்கமான வேலைதான். தண்ணீரில் இறங்கியதும் மரம் ஊதும், பஞ்சும் ஊதும், இடுக்கு இறுகிவிடும். ஆனால் பலகைகள் ஒன்றுக்கொன்று அசைய ஆரம்பித்துவிட்டால் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும். சுஹைலியில் நடந்தது அதுதான்.

தோலா, எலும்பா

தண்ணீரை விட்டு ஏறியதும் அவர் சுத்தியலைத் தேடவில்லை. உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடித்தபடி யோசித்தார். அவருக்கு இருந்த பயம் பஞ்சைப் பற்றியது இல்லை. படகின் விலா எலும்பு போன்ற வங்குகளை ஏராவோடு பிணைக்கும் குறுக்குக் கட்டைகள் உள்ளே இருக்கின்றன. அவை தளர்ந்துபோய் அதனால் இடுக்கு திறக்கிறதா என்பதுதான் கேள்வி. அவை தளர்ந்திருந்தால் வெளியே எதை ஒட்டினாலும் பயனில்லை, அருகில் இருக்கும் துறைமுகத்துக்குப் போய்விட வேண்டியதுதான். உள்ளே எட்டுகிற இடமெல்லாம் பார்த்தார், கண்ணுக்குத் தெரிந்த கட்டைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அப்புறம்தான் தொடர்ந்து போவது என்று முடிவு.

என்னைக் கேட்டால் இந்த ரிப்பேரில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது. கசிவைக் கண்டவுடன் எதையாவது எடுத்து அப்பிவிடத்தான் கை பரபரக்கும். அப்பினால் தண்ணீர் நிற்கும், நின்றதும் மனம் நிம்மதியாகிவிடும், அதற்குப் பின்னால் என்ன தளர்ந்திருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

எலும்பில் கோளாறு என்றால் நிலைமை எப்படிப் போகும் என்பதற்கு அதே போட்டியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஜான் ரிட்ஜ்வேயின் படகு ஃபைபர்கிளாஸ். கிளம்புகிற அன்றே கூட வந்த ஒரு மீன்பிடிப் படகு அதன் மேல் உரசியது. பின்னர் பாய்மரக் கம்பி வந்து சேரும் தகட்டைச் சுற்றித் தளம் உப்ப ஆரம்பித்தது. பாய்மரத்தைத் தாங்குகிற இடமே விட்டுக்கொடுக்கிறது என்றதும் அவர் பிரேசிலின் ரெசிஃபே துறைமுகத்துக்குத் திரும்பி, போட்டியிலிருந்து விலகினார். சரியான முடிவு. இன்னொன்று கேட்கவே கஷ்டமாக இருக்கும். 2014 மே மாதம் கரீபியனிலிருந்து இங்கிலாந்து திரும்பிக்கொண்டிருந்த சீகி ரஃபிகி என்ற பாய்ப்படகு உள்ளே தண்ணீர் வருவதாகக் கரைக்குத் தகவல் கொடுத்தது. பிறகு கவிழ்ந்த நிலையில் அது கண்டுபிடிக்கப்பட்டபோது ஏரா கழன்று போயிருந்தது. நான்கு பேர் உயிரிழந்தார்கள். முன்னால் பலமுறை தரைதட்டியதும், அதற்குச் செய்த ரிப்பேர்களும் அடிப்பகுதியின் பிணைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டன் விசாரணை அறிக்கை சொன்னது. ஆகவே போல்ட் போட்டு மாட்டிய ஏரா உள்ள படகில், ஏரா சேரும் இடத்தில் விரிசலோ கசிவோ தெரிந்தால் தயவுசெய்து மக்கு பூசி மறைக்காதீர்கள். படகைத் தூக்கி, ஏராவை அசைத்துப் பார்த்து, உள்ளே போல்ட்டைச் சுற்றியுள்ள இடத்தையும் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு.

அடைத்த விதம்

முதலில் வழக்கமான முறையைத்தான் நாக்ஸ்-ஜான்ஸ்டன் முயன்றார். சுத்தியலைக் கயிற்றில் கட்டி, கைக்கு எட்டும் ஆழத்தில் தொங்கவிட்டார். உடலின் வெள்ளை நிறம் சுறாவின் கண்ணில் படாமல் இருக்க இருண்ட நிறச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டார். பஞ்சை இடுக்கில் வைத்து அடிக்கப் பார்த்தால், அடுத்த அடி விழுவதற்குள் பஞ்சு கழன்று மிதக்கிறது. மூச்சும் முடிந்துவிடுகிறது. ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லை, நுரையீரலில் இருக்கும் காற்றுதான் வேலை நேரம்.

அவர் கண்ட வழி அருமை. வேலையை மேலே தளத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். ஒன்றரை அங்குல அகலத்தில் சுமார் 7 அடி நீளக் கித்தான் பட்டை ஒன்றை வெட்டி, அதன் மேல் பஞ்சுத் திரியை நூலால் தைத்தார். அதில் ஸ்டாக்ஹோம் தாரைப் பூசினார், அது பைன் மரத்திலிருந்து எடுக்கும் தார், பிசுபிசுவென்று ஈர மரத்திலும் ஒட்டும். பிறகு அரையடிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னச் செம்பு ஆணிகளைப் பட்டையில் முன்கூட்டியே குத்தி நிறுத்தினார். கணக்குப் பார்த்தால் பதினைந்து ஆணி வரும். இப்போது கீழே போனால் பஞ்சைப் பிடிக்க வேண்டாம், ஆணியைப் பிடிக்க வேண்டாம், எல்லாம் பட்டையில் தயாராக இருக்கிறது. பஞ்சு இடுக்குக்குள் போகும்படி, கித்தான் வெளியே இருக்கும்படி வைத்து ஓர் ஆணியை அடி, மேலே வா, மூச்சு வாங்கு, மறுபடி போய் அடுத்த ஆணி. மூச்சைப் பிடித்துச் செய்ய வேண்டிய வேலையின் அளவை ஓர் ஆணி என்று சுருக்கிவிட்டதால் எத்தனை தடவை முங்கினாலும் வேலை முன்னேறிக்கொண்டே இருந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பட்டையின் ஓரம் அங்கங்கே தூக்கிக்கொண்டு நின்றது, படகு ஓட ஆரம்பித்தால் தண்ணீர் அதைப் பிய்த்து எறிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது. ரேடியோ பொருத்த வந்தவர்கள் விட்டுச் சென்ற செம்புத் தகட்டுப் பட்டை ஒன்று படகில் கிடந்தது. அதைக் கித்தானுக்கு மேல் மூடாக ஆணி அடித்தார். நடுவில் காபி குடிக்க மேலே வந்தபோது படகைச் சுற்றி ஒரு சுறா. அது போகிற வழியாக இல்லை என்றதும் துப்பாக்கியால் சுட்டார். ரத்தத்துக்கு வேறு சுறா ஏதும் வருகிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடியும் இறங்கினார். ஒரு பக்கம் முடிந்த நிலையில் காற்று கிளம்பிவிட்டது. மறுபக்கத்தைக் கடல் மீண்டும் அமைதியான பிறகு முடித்தார். கசிவு கிட்டத்தட்ட நின்றுபோனது.

ஏன் நின்றது

இதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. 5 அடி ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 150 கிராம். இடுக்கின் மேல் வெளியிலிருந்து வைத்த பட்டையை அந்த அழுத்தமே உள்ளே தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. அதையே உள்ளேயிருந்து ஒட்டினால் அதே அழுத்தம் ஒட்டியதைக் கழற்றத்தான் பார்க்கும். ஆகவே எட்டுமானால் வெளியிலிருந்து அடைப்பதுதான் நல்லது. இது பழைய அறிவும்கூட. 1770 ஜூனில் கேப்டன் குக்கின் எண்டவர் கப்பல் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் ஏறி ஓட்டை விழுந்தபோது, ஒரு பழைய பாயில் கயிற்று நாரையும் கம்பளி மயிரையும் இலேசாகத் தைத்து, கப்பலுக்கு அடியில் இழுத்து ஓட்டையின் மேல் கொண்டுபோய் வைத்தார்கள். உள்ளே பாய்கிற தண்ணீரே அந்த நாரை இழுத்து ஓட்டைக்குள் திணித்துக்கொண்டது. அளவில்தான் வித்தியாசம், சுஹைலியின் கித்தான் பட்டையும் அதே வகைதான்.

இரண்டாவது காரணம், பட்டை வளைந்து கொடுக்கும். இடுக்கு திறந்து மூடுவதை நிறுத்த அவரால் முடியாது, நிறுத்த அவர் முயலவும் இல்லை. தார் தோய்ந்த பஞ்சும் கித்தானும் அந்த அசைவோடு சேர்ந்து அசையும். அந்த இடத்தில் கல்லாக இறுகும் எதையாவது அப்பியிருந்தால் இரண்டே நாளில் விரிசல் விட்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. செம்பு ஆணி, செம்புத் தகடு என்று படித்துவிட்டு எல்லாப் படகிலும் அடிக்க வேண்டாம். கடல் நீரில் இரும்புக்குப் பக்கத்தில் செம்பு இருந்தால் இரும்பு வேகமாக அரிபடும். இரும்பு ஆணி போட்ட பலகையில் செம்புத் தகட்டை ஆபத்துக்கு வைக்கலாம், கரை சேர்ந்ததும் கழற்றிவிட வேண்டும். அலுமினியப் படகில் செம்பை வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

ஃபைபர் படகில் இன்று இதையே செய்வதானால் தண்ணீருக்குள் இறுகும் எபாக்ஸி மக்கு கிடைக்கிறது. ஆனால் அங்கேயும் பலர் மக்கை உருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு முங்குகிறார்கள். கையோடு ஒட்டிக்கொள்கிறதே தவிர ஓட்டையில் நிற்காது. மெல்லிய பிளைவுட் துண்டையோ கனத்த ரப்பர் விரிப்பையோ மேலேயே அளந்து வெட்டி, மக்கை அதன் மேல் தடவி, பிடித்து அழுத்த ஒரு கட்டையையும் தயார் செய்துகொண்டு இறங்குங்கள். இடுப்பில் கயிறு கட்டாமல், பாய்களை இறக்காமல் இறங்கவே கூடாது, தனியாக இருந்தால் இன்னும் கூடுதலாக. இலேசான காற்றில்கூடப் படகு நீந்துகிற ஆளை விட்டுவிட்டுப் போய்விடும், ஆடுகிற படகின் அடி தலையில் இடித்தால் நினைவு தப்பும்.

மீதிப் பயணம்

அடிப்பலகை மட்டும்தான் கோளாறு என்றால் இந்தப் படகைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. செப்டம்பரில் தென்கடலில் ஒரு அலை சுஹைலியைப் பக்கவாட்டில் தள்ளிப் படுக்க வைத்தது. நிமிர்ந்து பார்த்தால் அறையின் கூரை தளத்தோடு சேரும் இடத்தில் விரிசல், உள்ளே தடுப்புகள் இடம் மாறியிருந்தன. குடிதண்ணீர்த் தொட்டி கெட்டுப்போனது, பிறகு மழைநீர்தான். ரேடியோவில் பேச முடியாமல் போனது. தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்து, கடைசியில் ஆஸ்திரேலியா அருகே முற்றிலும் கைவிட்டது. மீதிக் கடலைப் பாய்களைச் சமன்படுத்தி வைத்தே ஓட்டினார், நீள ஏராப் படகுக்கு அது ஓரளவு சாத்தியம்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன வேலை. மின்சாரம் தரும் எஞ்சினில் இடைவெளி ஒன்றை அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு என்ற கணக்கில் சரிசெய்ய வேண்டும். அதை அளக்கும் ஃபீலர் கேஜ் படகில் இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்து ஓர் அங்குலத் தடிமனுக்கு எத்தனை தாள் என்று எண்ணினார்: 200. அப்படியானால் ஒரு தாள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு. வேண்டிய கனத்துக்குத் தாள்களை அடுக்கி இடைவெளியில் செருகிப் பார்த்தார், எஞ்சின் ஓடியது. கருவி இல்லை என்று நிற்கிற ஒவ்வொரு முறையும், அந்தக் கருவி உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பாதி நேரம் பதில் பக்கத்து அலமாரியில் இருக்கும்.

கரையில் வந்த ஆபத்து

உலகின் எல்லாக் கடலையும் தாங்கிய சுஹைலிக்கு வேறு விதமான கேடு வந்தது கட்டடத்துக்குள். 1990-களின் பிற்பகுதியில் அதைக் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஈரம் குறைத்து வைத்த அறைக்காற்று ஓவியங்களுக்கும் காகிதங்களுக்கும் நல்லது, தேக்குப் படகுக்கு ஆகாது. பலகைகள் காய்ந்து சுருங்கின. நாக்ஸ்-ஜான்ஸ்டன் அதை வெளியே எடுத்துவந்து, பெரும்பாலும் தன் கையாலேயே வருடக்கணக்கில் வேலை பார்த்து மறுபடி கடலில் இறக்கினார். 2018-ல், முதல் பயணத்தின் 50-ஆவது ஆண்டில், சுஹைலி ஃபால்மவுத்தில் மீண்டும் பாய் விரித்தது.

காய்ந்த மரப்படகு கையில் கிடைப்பவர்களுக்கு: இடுக்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதே என்று பதறி, கொட்டாப்புளியை எடுத்துப் பஞ்சைத் திணித்துத் திணித்து அடிக்காதீர்கள். காய்ந்த இடுக்கை நிறைய அடைத்துவிட்டால், தண்ணீரில் இறக்கியதும் மரம் ஊத இடமில்லாமல் பலகை வங்கிலிருந்து ஆணியோடு பிய்ந்து வரும், இல்லையென்றால் வங்கே உடையும். முதலில் ஈரச் சாக்கைப் போர்த்தி, உள்ளே தண்ணீர் தெளித்து, சில நாள் மரத்தை ஊற விடுங்கள். பிறகு கிரேன் பெல்ட்டை அவிழ்க்காமலேயே தண்ணீரில் இறக்கி, பம்பு ஓடிக்கொண்டிருக்க, இரண்டு மூன்று நாள் அப்படியே தொங்க விடுங்கள். அதற்குப் பிறகும் எந்த இடுக்கு கசிகிறதோ அதை மட்டும் குறித்து வைத்து, படகைத் தூக்கி, பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது அடியுங்கள்.